கஞ்சிஃபா: ஆட்டத்தையும் கற்பிக்குமா சீட்டுப்பெட்டி?

மகாராஷ்டிர மாநிலம் சாவந்த்வாடியில் கையால் தீட்டப்படும் கஞ்சிஃபா, புவிசார் குறியீடு பெற்ற வட்டவடிவச் சீட்டுக்கட்டாகும். இதன் தசாவதார வகையில், அவதாரம் ஒன்றுக்கு 12 வீதம் 120 சீட்டுகள் உள்ளன. அவற்றில் அரசர், அமைச்சர் நீங்கலாக எஞ்சியவை எண் சீட்டுகள். பாதி அவதாரங்களில் எண் 10 வலியது. மறுபாதியில் எண் 1 வலியது.

சீட்டுகள் சித்திரம் தீட்டிய மரப்பெட்டியில் வைக்கப்படுகின்றன. ஒரு சீட்டு தொலைந்தாலும் கட்டு குறையுடையதாகிவிடும் என்பதால் பெட்டியே அதற்குக் காவல்.

எனினும், ஆடத் தெரிந்தோர் அருகிவிட்டதால் இன்று பலரும் இதனை நினைவுப்பொருளாகவே வாங்குகின்றனர். மூடியின் உட்புறத்தில் வரிசை விதியைத் தீட்டி, செய்முறைக் காணொலிக்கான கியூஆர் குறியீட்டையும் இணைத்தால், வாங்குவோர் வீட்டிலேயே ஆடிப் பழகலாம். ஓவியம் கைவினைஞர்களால் வாழ்கிறது. ஆட்டம் வாழ, ஆடுவோர் வேண்டும்.