உறுதி அவள் பெயரில் இருக்கட்டும்

கிழக்கிலங்கையில் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை கடலோரமாக நீளும் முஸ்லிம் ஊர்களில், கலியாணம் முடிந்ததும் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். பெண் பிறந்த வளவிலேயே இருக்கிறாள். பெற்றோர் அவளுக்கென்று கட்டிய வீட்டுக்கு அவன் வந்து சேர்கிறான். இலங்கையின் மற்றப் பகுதிகளிலும் சீதனம் உண்டு. ஆனால் தாங்கள் குடியிருக்கும் வீட்டையே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கும் பெற்றோரை இந்தக் கரையில் சாதாரணமாகக் காணலாம். இந்த வழக்கத்துக்கு எதிராக இன்று பள்ளிவாசல் மிம்பரிலிருந்தும் குரல் எழுகிறது, வீடு கட்டிக் கட்டி நொந்துபோன குடும்பங்களிலிருந்தும் எழுகிறது. அந்தக் குரலில் நியாயம் உண்டு. என்றாலும் மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்பது ஒன்று, பெண்ணின் பெயரில் வீடு இருப்பது இன்னொன்று. முதலாவதை ஒழிக்க வேண்டும். இரண்டாவதைக் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒழிக்கப் புறப்பட்டால் நட்டப்படப்போவது பெண்தான்.

பெண்வழி வாழ்வு இங்கே நேற்று முளைத்ததல்ல. பழைய மட்டக்களப்புத் தேசத்தின் முக்குவரின் தாய்வழிச் சொத்துரிமை வழமையோடு பக்கத்தில் இருந்து வளர்ந்த சமூகம் இது. குடி என்ற தாய்வழிப் பிரிவு இந்தக் கரையில் தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. பிள்ளைக்கு உம்மாவின் குடியே குடி. பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்காயரைத் தெரிவுசெய்வதும் பழைய முறை. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தம் நூலில் இவற்றை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். அன்றாட வாழ்வில் இதன் பலன் கண்கூடு. ராத்தாவின் வீடும் தங்கச்சியின் வீடும் ஒரே வளவில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்க உம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். புகுந்த வீட்டில் தனித்து நின்று மாமிக்குப் பயந்து வாழும் நிலை குறைவு. கணவன் கை நீட்டினால் வெளியேற வேண்டியவன் அவன். தலாக் ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதில்லை.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதை சுனாமி காட்டியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது இந்த ஊர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடுகளோடு காணி உறுதிகளும் போயின. பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது; வேறிடங்களில் மாற்று வீடுகள் எழுந்தன. உதவிப் படிவங்கள் கேட்டது 'குடும்பத் தலைவர்' பெயரை. அந்த இடத்தில் பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. மனைவியின் காணியில், அவளுடைய வாப்பா கட்டிய வீட்டுக்கு ஈடாக வந்த வீடு இப்படி ஒரே வரியில் ஆண் கைக்கு மாறியது. படிவம் எழுதியவர்களுக்குப் பெண்களிடமிருந்து பறிக்கும் எண்ணம் இருந்திருக்காது. மற்ற ஊர்களின் வழக்கத்தை இங்கேயும் பொருத்தினார்கள், அவ்வளவுதான். அரச காணியிலும் நெடுங்காலம் இதே கதை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு ஒழுங்கு ஆணுக்கு முன்னுரிமை தந்தது. அது நீங்க 2022ஆம் ஆண்டின் திருத்தம் வர வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் பாரம் பற்றியது, அது பொய்யல்ல. தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு மத்திய கிழக்கில் உழைக்கும் காக்காமார் இருக்கிறார்கள். மகளின் வீட்டுக்காகப் பிறர் வீட்டில் பணிப்பெண்ணாகப் போன உம்மாமார் இருக்கிறார்கள். காணியும் இல்லை: கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நெருக்கியடித்த ஊர். அதனால் மூத்தவளுக்குக் கீழ் வீடு. மேலே பிளேட் போட்டு, வெளிப்புறமாகப் படி வைத்து இளையவளுக்கு மேல் வீடு. மேல் வீட்டுக்குத் தனி உறுதி வேண்டுமானால் நில அளவையாளரின் வரைபடம், உள்ளூராட்சி அனுமதி, பதிவு என்று காசு கரையும். வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொண்டால், எழுத்தில் இளையவள் ராத்தாவின் கூரைமேல் இரவல் குடியிருப்பவள். இத்தனை இடர்ப்பாட்டுக்கும் வேர் எங்கே? உம்மாவின் வீடு மெல்ல மகள் கைக்கு வருவதால் எவரும் கடன்படுவதில்லை. மாப்பிள்ளையின் படிப்புக்கும் பதவிக்கும் ஏற்ப வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று மறுதரப்பு கெடு வைக்கும்போதுதான் குடும்பம் முறிகிறது.

இரண்டாவது வாதம் மார்க்கம் சார்ந்தது. மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன். பெண் வீட்டில் வாங்குவது தலைகீழ் என்கிறார்கள். கேட்டு வாங்குவதைப் பொறுத்தவரை இதற்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கையில் மகளுக்கு மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு மார்க்கம் தடுத்ததல்ல. பிள்ளைகளிடையே நீதி வேண்டும் என்ற நிபந்தனையை மதித்து, வயலையும் தோட்டத்தையும் கடையையும் ஆண்பிள்ளைகளுக்கு ஒதுக்குவது நடக்கக்கூடியதே. கவலைப்பட வேண்டியது வேறோர் இடத்தில். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், மணமகளுக்கென்று மணமகனிடம் கொடுக்கப்படும் கைக்கூலியை மீளப் பெற மனைவிக்கு வழி வைத்தாலும், அச்சட்டப்படி கைக்கூலி என்பது பணமும் அசையும் சொத்தும் மட்டுமே. வீட்டுக்கு அந்த வழி இல்லை; அவளுக்குள்ள ஒரே காவல் அவள் பெயரில் உள்ள உறுதி. காவின் என்ற திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக்கூட அச்சட்டம் கட்டாயமாக்கவில்லை.

வேறொரு நாட்டின் முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் வளர்ந்ததும் தனியே போய், பின்னர் தம்பதியாகச் சேர்ந்து வங்கிக் கடனில் வீடு வாங்குவதே பெருவழக்கு. பிரிவு வந்தால், 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி வீட்டைப் பராமரித்த உழைப்பையும் பிள்ளை வளர்த்த உழைப்பையும் நீதிமன்றம் பங்களிப்பாகக் கணக்கெடுக்கிறது. வீட்டுக்கு உழைப்பது தம்பதியின் பொறுப்பு என்பதை நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதே நேரம், வழக்கு மன்றம் போகாமலே பெண்ணுக்கு ஒரு கூரையை உறுதிசெய்யும் நம் வழக்கத்தைக் கைவிடக் காரணமில்லை. உம்மா வாப்பா கொடுத்தது எதுவோ அது மகளின் பெயரில், நொத்தாரிசு உறுதியோடு. மேல் வீடானால் அதற்கும் தனி எழுத்து. கலியாணத்துக்குப் பின் இருவரும் உழைத்துக் கட்டுவது இருவர் பெயரிலும். மாப்பிள்ளை தரப்பு கேட்பதற்கு எதுவும் இல்லை. வீடு கேட்டுப் பேசிய கலியாணத்தில் கலந்துகொள்வதில்லை என்றும், பெண்ணின் உறுதியைப் பார்த்து அவளிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே காவினை முடிப்போம் என்றும் பள்ளிவாசல் சபைகள் தீர்மானிக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கலியாணத்திலேயே தொடங்கலாம்.