கடனும் தண்ணீரும் ஒரே மூட்டையில்

1998 ஜனவரியில் அமெரிக்க டாலர் 4.88 மலேசிய வெள்ளியைத் (ரிங்கிட்) தொட்டது. சரக்குக்குச் சொல்லிவைத்த நாளில் ஒரு விலை, பணம் கட்டும் நாளில் இன்னொரு விலை. இறக்குமதி வியாபாரிகள் திண்டாடிப் போனார்கள். செப்டம்பர் 1 அன்று மலேசிய அரசு மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மறுநாள் டாலருக்கு 3.80 வெள்ளி என்று விலை நிலைநிறுத்தப்பட்டது. பங்குச் சந்தையில் பணம் போட்ட வெளிநாட்டார் அதை ஓராண்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1999 பிப்ரவரியில் அந்தத் தடை வெளியேற்ற வரியாகத் தளர்ந்தது.

வணிகத்தை மட்டும் அரசு தொடவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் வெங்காயத்துக்கும் மிளகாய் வற்றலுக்கும், பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வரும் சேலைகளுக்கும் வங்கி மூலம் வெளிநாட்டு நாணயத்தில் பணம் கட்ட முடிந்தது. இங்கே தொழிற்சாலை வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் லாபத்தை எடுத்துச் செல்லவும் தடையில்லை. வணிகத்தையும் பங்குச் சந்தைப் பணத்தையும் பிரித்து மத்திய வங்கியான பேங்க் நெகாரா கிழித்த இந்தக் கோடுதான் அந்த நடவடிக்கையின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிங்கப்பூருடன் பேச உட்கார்ந்தபோது, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அப்படிப்பட்ட கோடு அழிந்துபோனது. அதே 1998-இன் இறுதியில் மலேசியா நிதியுதவி கேட்டது; சிங்கப்பூர் நீண்டகாலத் தண்ணீர் உறுதி கேட்டது. பிறகு மலேசியா கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் டிசம்பரில் ஹனோயில் மலேசியப் பிரதமர் மகாதீரும் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் தோங்கும் எல்லா விவகாரங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேச முடிவெடுத்தார்கள். தண்ணீர், ரயில்வே நிலம், வான்வெளி, சிங்கப்பூரில் உழைத்த தீபகற்ப மலேசியர்களின் சேமநிதிப் பணம் என நிலுவையில் இருந்தவை ஏராளம். மலேசியாவின் நடவடிக்கையால் சிங்கப்பூரின் க்ளோப் என்ற பங்குச் சந்தையில் முடங்கிய மலேசியப் பங்குகளும் அந்த வரிசையில் சேர்ந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் 1,70,000-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் சிங்கப்பூரின் சிறு முதலீட்டாளர்கள். தண்ணீர் விலைக்கும் இவர்கள் சேமிப்புக்கும் என்ன சம்பந்தம்? சேமநிதிக்காகக் காத்திருந்த நம் தொழிலாளிக்கும் ரயில்வே நிலத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த அநியாயத்தை அன்று இரண்டு தலைநகரங்களும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

2000-இல் இரு நாட்டுப் பங்குச் சந்தைகளும் தனியாகப் பேசியபோது க்ளோப் சிக்கல் அவிழ்ந்தது. மீதி மூட்டை இறுகியே கிடந்தது. 2002 அக்டோபரில் மகாதீரே அதைப் பிரித்து, தண்ணீரைத் தனியே பேசலாம் என்றார். அந்தப் பேச்சும் முடிவுக்கு வரவில்லை. 1962 தண்ணீர் ஒப்பந்தப்படி 1,000 கேலன் ஜொகூர் ஆற்று நீருக்கு சிங்கப்பூர் இன்னும் 3 சென்தான் கொடுக்கிறது.