பிட்டாலும் குறையாதது

பூசையில் குருவானவர் ஓஸ்தி என்னும் அப்பத்தைப் பிடுகிறார். அப்போது கிறிஸ்துவும் துண்டாகிறாரா? குழந்தை கேட்பது போன்ற இந்தக் கேள்வியில்தான் பதினோராம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கூர்மையான அறிவாளிகள் மோதிக்கொண்டார்கள்.

தொடங்கி வைத்தவர் பிரான்சின் தூர் நகரப் பள்ளி ஆசிரியர் பெரங்கார். அர்ச்சிப்புக்குப் பிறகும் அப்பம் அப்பம்தான், இரசம் இரசம்தான், கிறிஸ்து அவற்றில் ஆன்மிக வகையில் இருக்கிறார் என்றார். 1059-இல் ரோமில் அவரை ஓர் உறுதிமொழி வாசிக்க வைத்தார்கள். கிறிஸ்துவின் உடல் விசுவாசிகளின் பற்களில் அரைபடுகிறது என்றது அது. அப்படியானால் உயிர்த்தெழுந்த உடலுக்கு வலிக்காதா, சிதையாதா?

1070-களில் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தவர் நார்மண்டியின் பெனடிக்டைன் துறவி குயித்முண்ட். இறையியலாளர் லான்ஃபிராங்கின் மாணவர். இங்கிலாந்தை வென்ற வில்லியம் அங்கே ஆயர் பதவி தர முன்வந்தபோது, கொள்ளையடித்த நாட்டில் பங்கு வேண்டாம் என்று மறுத்தவர்.

ரோஜர் என்ற துறவியோடு உரையாடுவதாக அமைந்தது அவர் நூல். பல்லில் அரைபடுவது என்றால் சற்று அழுத்தமாகத் தொடுவது, அவ்வளவுதான் என்கிறார். உயிர்த்தெழுந்தவரைச் சீடர் தோமா தொடலாமென்றால் பல்லும் தொடலாம். துண்டாவது பற்றி அவர் காட்டும் உவமைதான் என்னை அசைத்தது. மனதில் பிறந்த எண்ணம் குரலை உடுத்திக்கொண்டு வெளியே வருகிறது. ஆயிரம் பேர் கேட்டால் ஆளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கா கிடைக்கிறது? ஒவ்வொருவருக்கும் முழுதாகக் கிடைக்கிறது, சொன்னவரிடமும் குறைவதில்லை. அளந்து பங்கிட முடியாத இருப்பும் உண்டு என்பதை, எல்லோரும் தினமும் பேசுகிற பேச்சிலிருந்தே எடுத்துக் காட்டிவிட்டார்.

அப்பம் பூசணம் பிடிக்கிறதே, எலி கடிக்கிறதே என்ற கேள்விக்கு அவர் பதில் அத்தனை வலுவானதல்ல. அது கண்ணுக்குத் தோன்றுவது மட்டுமே என்றார். பூசணம் உண்மைதான், ஆனால் அது பற்றுவது நிறம், சுவை, வடிவம் போன்ற புறப்பண்புகளை, உள்ளிருக்கும் சாரம் வேறு என்று பின்வந்தவர்கள்தான் தெளிவாகப் பிரித்தார்கள். ஆனாலும் அப்பம் 'சாரத்தில் மாறுகிறது' என்று அவர் எழுதியிருந்தார். 1079-இல் பெரங்கார் ரோமில் மறுபடி ஏற்ற உறுதிமொழியில் பற்கள் இல்லை. சாரத்தில் மாறுவது இருந்தது.

1088 ஜனவரியில், தூருக்கு அருகிலிருந்த ஒரு தீவில் பெரங்கார் இறந்தார். அதே ஆண்டு திருத்தந்தை இரண்டாம் உர்பன், நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள அவெர்சாவுக்குக் குயித்முண்டை ஆயராக்கினார். இம்முறை அவர் மறுக்கவில்லை.