அரை மில்லிமீட்டரின் விலை

பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளை விலை பேசும்போது முதலில் சீட்டை உருவிப் பார்க்க வேண்டும். சீட்டைத் தாங்கும் கம்பியில் சின்னதாக ஓர் எண் பொறித்திருக்கும். 27.2 என்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். 26.0 அல்லது 25.4 என்றால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் பாதி விலைக்கு மேல் வாய் திறக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. 1960, 70களில் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் ஜப்பானிலும் செய்த ரேஸ் சைக்கிள்களில், சீட்டுக் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர், பழைய அளவில் ஒன்றே அரைக்கால் அங்குலம். குழாயின் சுவர் 0.6 மில்லிமீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்த்து 1.2 கழியும், உள்விட்டம் 27.4. கம்பி இறங்க 0.2 இடம் விட்டால் 27.2. சுவர் 1.2 தடிமனுள்ள மலிவுக் குழாயில் இதே கணக்கு 26.0-இல் வந்து நிற்கும். குழாயை அறுக்காமலே அதன் உட்புறத்தை அளந்தாயிற்று.

அந்த அரை மில்லிமீட்டர் சொச்சத்துக்குத்தான் காசு. எஃகில் ஒரு விந்தை உண்டு: கிராதிக் கம்பியானாலும் விலை உயர்ந்த கலவை எஃகானாலும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே, 200 கிகாபாஸ்கல் அளவில். அடர்த்தியும் ஒன்றே. ஆகவே நல்ல எஃகு விறைப்பானதுமல்ல, லேசானதுமல்ல. வேறுபடுவது, எவ்வளவு விசை வரை வளைந்தும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது மட்டும். அந்த வலிமை இருப்பதால் சுவரை மெலிதாக்கத் துணியலாம். மெலிந்த சுவர்தான் எடையைக் குறைக்கிறது. ஓட்டுபவர்கள் சிலாகிக்கும் அந்தத் துள்ளலுக்கும் அதில் பங்கு உண்டு.

மெலிதாக்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சைக்கிள் ஃபிரேமில் பாரமும் முறுக்கும் அதிகம் தாக்குவது குழாய்கள் சேரும் மூட்டுகளில். மூட்டைப் பற்றவைக்கும் சூடும் அங்கேதான் எஃகைத் தளர்த்துகிறது. பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த குடும்பத்தில் வந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், இரு முனையும் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்கு 1897-இல் காப்புரிமை பெற்றார். வெளியே தடவினால் ஒரே சீரான குழாய். வித்தியாசம் முழுவதும் உள்ளே. வடிவ அச்சை உள்ளே நுழைத்து இழுத்த பிறகு, இறுகிய முனை வழியாக அதை எப்படி வெளியே எடுப்பது? குழாயை உருளைகளுக்கு நடுவே சுழற்றி மயிரிழை அளவு விரியச் செய்து உருவிவிடுகிறார்கள். 1935-இல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த மாங்கனீஸ்–மாலிப்டினம் எஃகுக் குழாய்தான் புகழ்பெற்ற 531. ஜாகுவார் இ-டைப் காரின் முன்புறச் சட்டத்துக்கும் அதே குழாய்.

ரெனால்ட்ஸ் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குப் போனது. முருகப்பா குடும்பம் 1949-இல் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது இந்தக் குழுமத்தோடுதான். அதற்காக அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில் 531-ஐத் தேட வேண்டாம். பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றுகிற வண்டிக்குத் தடித்த குழாய்தான் நியாயம்.

27.2-ஐ வேதவாக்காகவும் கொள்ளக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் அங்குலத்தை ஏற்காமல் 28.0 மில்லிமீட்டர் குழாய் போட்டார்கள். பியூஜோவின் பி.எக்ஸ்.-10 அசல் 531-தான். ஆனால் அதன் சீட்டுக் கம்பி 26.4 அளவில் இருக்கும். எண் மட்டும் பார்ப்பவர் நல்ல வண்டியை விட்டுவிட்டு வருவார்.

குழாய் அசல் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, அது எதிலாவது மோதியிருக்கிறதா என்பது. எல்லாச் சோதனைகளிலும் எனக்கு இதுதான் முக்கியம். மற்ற பெரும்பாலான குறைகளுக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம், இதற்கு எழுந்து வந்துவிட வேண்டும். ஹேண்டில் திரும்புகிற கழுத்துக் குழாய்க்குப் பின்னால், மேல்பாரின் அடிப்பக்கத்திலும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்திலும் விரலை வைத்து மெல்ல இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத புடைப்பு விரலுக்குத் தெரியும். அடிப்பக்கம் ஏன்? முன்சக்கரம் சுவரிலோ காரிலோ முட்டும்போது ஃபோர்க் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அது நெம்புகோலாகி, கழுத்துக் குழாயின் அடியைப் பின்னுக்கும் தலையை முன்னுக்கும் திருப்புகிறது. அதோடு இணைந்த இரு குழாய்களிலும் மேல்பக்கம் இழுபட, அடிப்பக்கம் நசுங்குகிறது. மெல்லிய சுவர் இழுப்பைத் தாங்கும், நசுக்கினால் மடியும். அதிலும் தடித்த முனை முடிந்து மெலிந்த பகுதி தொடங்குகிற இடத்தில் மடிப்பு விழ வாய்ப்பு அதிகம். அங்கே பெயின்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

ஃபிரேம் ஒருபக்கம் கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சு உட்காரும் ஒரு பக்கத்துப் பிளவில் நூலைக் கட்டி, கழுத்துக் குழாயைச் சுற்றி மறுபக்கத்துப் பிளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இரு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகல் பாதகமில்லை. எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்துச் சரிசெய்யலாம், அலுமினியத்தில் அந்த விளையாட்டு ஆகாது. அஞ்சு கியர் காலத்து 120 மில்லிமீட்டர் அகலத்தை ஆறு கியருக்கான 126-க்கு விரிப்பதும் இப்படித்தான்.

சீட்டுக் கம்பி வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்? எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி. நடுவில் வருடக்கணக்கான வியர்வை உப்பும் மழைநீரும். இரண்டு உலோகம், உப்புநீர்: ஒரு பேட்டரிக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. அலுமினியம் அரிபடுகிறது, அரிப்பில் உண்டாகும் ஆக்ஸைடு, தின்ற உலோகத்தைவிட அதிக இடம் கேட்டு ஆப்பு போல் இறுக்குகிறது. சூடு காட்டலாம் என்று பலரும் கிளம்புவார்கள். ஒரு டிகிரி சூட்டுக்கு எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கு விரிந்தால் அலுமினியம் 23 பங்கு விரியும். இரண்டும் சேர்ந்து சூடேறினால் பிடி இன்னும் இறுகும். குளிர்வித்தால்தான் கம்பி சுருங்கி வழிவிடும். விற்பவர் ‘கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்வளவுதான்’ என்றால், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சீட்டுக் குழாய் வழியே இறங்கும் தண்ணீர் கடைசியில் தேங்குவது பெடல் அச்சு ஓடும் அடிப்பெட்டியில். கம்பியைக் கழற்றிய பின் வண்டியைத் தலைகீழாக்கித் தட்டினால் துருத் தூள் கொட்டும். பொடி கொட்டுவது சகஜம். செதில் செதிலாக வந்தால் வேண்டாம். அடிப்பெட்டியின் கப்புகளையும் பாருங்கள். ஆங்கில மரையில் வலப்பக்கத்துக் கப்பு இடமரை, இத்தாலிய மரையில் இரண்டுமே வலமரை. சைக்கிளின் இடது பெடல் தலைகீழாகக் கழலும் என்பது எந்த வாடகைச் சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரியும்; காரணம் இங்கும் அதேதான். கைவிரல்களைத் தளர்வாக மடக்கி, உள்ளே ஒரு பென்சிலைச் செருகி, அதன் வெளிநுனியை வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் உருட்டிக்கொள்ளும். மரைக்குள் உள்ள நுண்ணிய இடைவெளியில் பாரம் சுற்றிச் சுற்றி விழும்போதும் இதுதான் நடக்கிறது. இத்தாலிய வண்டிகளில் வலது கப்பு கழன்றுவரும் என்ற புகார் பொய்யல்ல.

மற்றதெல்லாம் சில்லறை. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் ஒரு ‘டக்’ வந்தால் கழுத்து பேரிங் தேய்ந்திருக்கிறது, மாற்றலாம். டயர், செயின், பிரேக் கட்டை எப்படியும் புதிதாகப் போட வேண்டியவை. ரிம் கோட்டம் எடுத்தால் சரியாகும்.

கியர் ஷிமானோ என்றால், உதிரிப்பாகத்தின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகள் தேடுங்கள். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977. இரண்டாவது மாதம். 1978 வண்டி என்று விற்பவர் சொல்ல, கியரில் முதல் எழுத்து எச் என்று இருந்தால் அது 1983-இல் செய்தது, பின்னால் மாட்டியது. குற்றமில்லை. ஆனால் ‘எல்லாமே ஒரிஜினல்’ என்று சேர்த்த தொகையைக் கழித்துவிட்டுப் பேசலாம்.