திடீர் அடிவயிற்று வலி: சூலகம் முறுகியிருக்கலாம்

1990இல் கீரிமலையை விட்டு இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நெருங்கி வாழ்ந்த காலத்தில், பெண்பிள்ளையின் வயிற்றுவலி பக்கத்துக் கொட்டிலுக்குக் கேட்டுவிடும் என்று தாய்மார் கூசினர். மாதவலி என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பர். அக்கூச்சம் இன்னும் முற்றாகப் போகவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

கருப்பையின் இருபுறமும் உள்ள சூலகங்கள், கொடியில் தொங்கும் பாகற்காய் போலக் காம்பில் நிற்பவை. கட்டி வளர்ந்து சூலகம் பாரமானால் காம்பு முறுகலாம். குருதியோட்டம் தடைப்படும், நேரம் போகப் போகச் சூலகம் பழுதாகும்.

ஒரு பக்கத்து அடிவயிற்றில் சடுதியாக எழும் கடும் வலி, கூடவே ஓங்காளம், சத்தி. இவைதான் முக்கிய அறிகுறிகள். வலப்பக்கம் வந்தால் குடல்வால் அழற்சி என மயங்க இடமுண்டு. முறுக்குத் தானே அவிழ்ந்து மீண்டும் முறுகுவதால் வலி விட்டுவிட்டும் வரும். தணிந்துவிட்டதென்று நம்பி இருந்துவிடாதீர்கள். சிறுமியருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும்.

வைத்தியசாலையில், மணமாகாத பிள்ளைக்கும் கர்ப்பச் சோதனை செய்வார்கள். கோபிக்க வேண்டாம், கருப்பைக்கு வெளியே தங்கிய கருவும் இப்படியே வலிக்கும். அடுத்தது ஸ்கான். அதில் குருதியோட்டம் தெரிந்தாலும் முறுகல் இல்லையென்று சொல்லமுடியாது. சந்தேகம் வலுத்தால் சத்திரசிகிச்சையில் பார்த்தே நிச்சயிப்பர். கறுத்துப்போன சூலகமும் முறுக்கை அவிழ்த்தபின் பெரும்பாலும் தேறிவிடும்.

இரவானாலும் இலவச அம்புலன்ஸை அழையுங்கள். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. இலக்கம் 1990. ஊரைவிட்ட ஆண்டு, மறக்கமாட்டீர்கள். உண்ணக் குடிக்கக் கொடாதீர்கள். வலி தொடங்கிய நேரத்தையும் கடைசி மாதவிடாய்த் திகதியையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.