சார்பாக எழுதும் கை



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் சிப்பி திரட்டியவரின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. கீழிருப்பவர் பேச இயலாது. அவர் சார்பாக மேலிருப்பவரே செயல்பட வேண்டும். இன்று நம் இல்லங்களில் அத்தகைய பொறுப்பு, படித்த பிள்ளைகளின் பேனாவுக்கு வந்துள்ளது. வெளிநாட்டிலிருக்கும் தந்தைக்காகவும், எழுதத் தெரியாத பாட்டிக்காகவும் வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் அவர்களே ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அங்கே தவறாமல் வரும் சொற்றொடர் 'ஆன் பிஹாஃப் ஆஃப்'.

'சார்பாக' என்பதே அதன் பொருள். 'ஐ யாம் ரைட்டிங் ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபாதர்' என்பது சரி. 'எனக்காக' என்று எழுத 'ஆன் பிஹாஃப் ஆஃப் மீ' என்பதைவிட 'ஆன் மை பிஹாஃப்' என்பதே செம்மையானது.

தவறு யாருடையது என்று சொல்லுமிடத்தில்தான் பலர் இடறுகின்றனர். 'மகன் செய்த பிழை' என்பதற்கு 'எ மிஸ்டேக் ஆன் தி பார்ட் ஆஃப் மை சன்' என்றே எழுத வேண்டும். அங்கே 'பிஹாஃப்' வந்தால், மகனுக்காக வேறொருவர் பிழை செய்தார் என்றாகிவிடும்!

துறைமுகத்தில் இச்சொற்களுக்குப் பணமதிப்பும் உண்டு. வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தின் பேரில் சரக்கு அனுப்பும்போது, கப்பல் சரக்குச் சீட்டில் முகவர் கையொப்பமிட்டால், கப்பல் நிறுவனத்தின் சார்பாகவா, கப்பல் தலைவரின் சார்பாகவா என்று குறிப்பிட்டாக வேண்டும். 2007 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள யு.சி.பி. 600 விதிகள் இதை வலியுறுத்துகின்றன. குறிப்பிடாவிடில் வங்கி அச்சீட்டை ஏற்க மறுக்கலாம்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. மார்க்கச் சட்டம் இதனை 'வகாலத்' என்கிறது. நாம் வழங்கும் 'வக்கீல்', 'வக்காலத்து' என்னும் சொற்கள் அரபியிலிருந்து வந்தவையே. ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில் தோழர்கள் உறுதிமொழி அளித்தபோது, தூதராக மக்கா சென்றிருந்த உஸ்மான் (ரலி) அவர்களின் சார்பாக, நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தையே மறு கரத்தின் மீது வைத்தார்கள். சார்பாக நிற்பதன் கண்ணியத்திற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதி வைக்கப் பணிக்கிறது. சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது.

ஆகவே, பிள்ளைகளே! பிறர் சார்பாக எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லாததைச் சேர்க்காதீர்கள், சொன்னதை விடாதீர்கள். அதன்பின் கையொப்பம் பெறுங்கள். அது அமானிதம். அதனைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.