இணையத்தில் பார்க்கும் படம் ஏன் நின்று நின்று ஓடுகிறது?

ஹந்தானை மலைத்தொடரும் குன்றுகளும் சூழ்ந்த கண்டியில், 4ஜி ரவுட்டருக்கும் கைப்பேசிக் கோபுரத்துக்கும் இடையே மலை மறித்தால் சமிக்ஞை நலிவதால், ரவுட்டரைக் கோபுரம் உள்ள பக்கத்துச் சன்னலோரம் வைப்பது நல்லது. எனினும் கோளாறு பல வேளைகளில் வீட்டுக்குள்ளேதான் இருக்கும். வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமாகத் தரவைச் சுமந்தாலும், பழைய வீடுகளின் தடித்த சுவர்களைக் கடக்கையில் பெரிதும் வலுவிழக்க, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மெதுவாயினும் அப்பால் சென்றடைகிறது. இவ்வாறு தரவு வரும் வேகம் குறைந்து, தொலைக்காட்சி முன்கூட்டியே இறக்கிச் சேமிக்கும் தரவு, அதாவது இடைத்தேக்கம், வற்றும்போதே திரையில் வட்டம் சுழல்கிறது. கைப்பேசியால் முதலில் ரவுட்டரருகிலும் பின்பு தொலைக்காட்சியருகிலும் வேகத்தை அளந்து, முன்னதிலேயே குறைந்திருந்தால் இணைப்பையும், பின்னதில் மட்டும் குறைந்தால் சுவரையும் சந்தேகிக்கலாம். சுவர்தான் காரணமெனில், ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஈதர்நெற் வயர் இழுப்பதே உறுதியான தீர்வு.